ஒமாமோரியா, கோஷுயினா: ஜப்பான் கோயில்களில் எதைச் சேர்ப்பது?

காப்புப் பையான ஒமாமோரி, கோயில் முத்திரையான கோஷுயின் இரண்டையும் சேகரித்துப் பார்த்துவிட்டு, இப்போது கோஷுயின் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஒமாமோரி என்பது ஜரிகை வேலை செய்த சின்னத் துணிப்பை. உள்ளே மந்திரித்த காகிதமோ மரச்சில்லோ இருக்கும். பிரித்துப் பார்க்கக் கூடாது. பெரும்பாலும் 500 முதல் 1000 யென். அழகிலும் ரகத்திலும் இதை அடிக்க முடியாது. பரீட்சைக்கு கியோட்டோவின் கிதானோ தென்மாங்கு கோயில். டோக்கியோவின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான அகிஹாபராவுக்குப் பக்கத்து கண்டா மியோஜின் கோயிலில் கம்ப்யூட்டருக்கே காப்பு உண்டு!

சிக்கல் அதன் ஆயுளில்தான். ஒரு வருடம் ஆனதும் வாங்கிய கோயிலிலேயே திருப்பித் தருவது வழக்கம். அங்கே சடங்கு செய்து எரிப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்குக் கஷ்டமில்லை. புத்தாண்டுக்குக் கும்பிடப் போகும்போது பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கி வருவார்கள். ஊர் திரும்பிவிட்ட நமக்கு? தபாலில் வாங்கிக்கொள்ளும் கோயில்கள் சில உண்டு என்றாலும், ஒவ்வொன்றுக்கும் கவர் ஒட்டிக்கொண்டிருக்க முடியுமா? சரி, நினைவுப் பொருளாக வைத்துக்கொண்டால் யாரும் வந்து கேட்கப் போவதில்லை. ஆனால் கெடு முடிந்த பைகள் மேசை இழுப்பறையில் கட்டிய சின்ன மணி குலுங்கக் கிடக்கும்போது, குப்பையில் போடவும் மனசு வராது, பையில் மாட்டவும் தோன்றாது. பத்தைத் தாண்டினால் அது சேகரிப்பு இல்லை, பாக்கி.

கோஷுயினுக்கு இந்தத் தொல்லையே இல்லை. விசிறி மடிப்பு நோட்டில் சிவப்பு முத்திரை, அதன்மேல் தூரிகையால் கோயில் பெயர், வந்த தேதி. மை காய்வதற்குள் நோட்டை மூட வேண்டியிருப்பதால் நடுவில் ஒரு மெல்லிய தாள் வைத்துத் தருவார்கள். பொதுவாக 300 முதல் 500 யென், நோட்டு தனி. இசே கோயிலில் முத்திரையும் தேதியும் மட்டும்தான், அந்த வெறுமையே எனக்குப் பிடித்த பக்கம்.

குறையும் உண்டு. மாலை நாலு, ஐந்து மணிக்கெல்லாம் கவுன்டரை மூடிவிடுவார்கள். கூட்ட நாளில் முன்பே எழுதிவைத்த தாள்தான் கிடைக்கும், நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். ஜப்பானின் பூர்வீக மதமான ஷின்தோவின் கோயிலுக்கும் பௌத்த கோயிலுக்கும் ஒரே நோட்டு என்றால் முகம் சுளிக்கும் இடங்கள் உண்டு என்கிறார்கள். எனக்கு அப்படி நேர்ந்ததில்லை, ஆனால் நான் சுற்றியது கியோட்டோ, டோக்கியோ, இசே மட்டும்தான்.

அப்புறம், கோஷுயினைப் பரிசாகக் கொடுக்க முடியாது. வீட்டில் பரீட்சை எழுதும் பிள்ளையோ பிள்ளைத்தாய்ச்சியோ இருந்தால் அவர்களுக்கு ஒமாமோரியே வாங்குங்கள். ஒரு வருடக் கணக்கை மட்டும் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.