கிளாசிக் 350: ஆயில் எவ்வளவு என்று சொல்லும் அந்தச் சின்னக் கண்ணாடி

தெரிந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, கிளாசிக்குக்கு ரெண்டரை லிட்டர் கேன் வாங்கிட்டேன், முழுசா ஊத்திடலாங்களா?"

ஊற்றக் கூடாது. அவருக்கு அப்போதே அவ்வளவுதான் சொன்னேன். விளக்கமாகச் சொல்ல நிறைய இருக்கிறது. இத்தனை வருஷமாக ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஓட்டுகிறேன், இந்த வண்டி விஷயத்தில் எனக்குக் கோபம் வந்ததெல்லாம் ஆயில் அளவை வைத்துத்தான். வேறு எதிலும் இவ்வளவு கோபப்பட்டதில்லை.

நான் சொல்வது பழைய கிளாசிக்கை. 2009-இல் வந்தது, 346 சிசி, இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் யுசிஇ இன்ஜின். 2021-இல் வந்த புது கிளாசிக்கின் இன்ஜின் வேறு, அதன் அளவும் வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மைலேஜ், சீட், பிரேக் பற்றியெல்லாம் ஏற்கெனவே எல்லோரும் எழுதியாயிற்று. நான் சொல்ல வந்தது இன்ஜினின் வலது பக்கம், கீழே இருக்கிற சின்ன வட்டக் கண்ணாடியைப் பற்றி.

இந்த வண்டியில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் கண்ணாடிதான். ஆயில் அளவுகுச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்க்கும் வேலை இல்லை. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திக் குனிந்து பார்த்தால் போதும், ஆயில் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் நின்றால் சரி. புது ஆயில் பொன்னிறமாக இருந்து நாளாக நாளாகக் கறுத்துப்போவதும் அதிலேயே தெரியும். காலையில் வண்டி எடுக்கும் முன் குனிந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது. இரண்டு சக்கர வண்டி எல்லாவற்றுக்கும் இதை வைத்திருக்கலாம் என்பேன்.

ஆனால் இதைச் சரியாகப் பார்க்கத் தெரிய வேண்டும். சைடு ஸ்டாண்டில் போட்டால் வண்டி இடது பக்கம் சாயும், கண்ணாடியோ வலது பக்கம். ஆயில் எல்லாம் இடப்புறம் ஒதுங்கிவிடும், கண்ணாடி காலியாகத் தெரியும். அதைப் பார்த்துப் பதறிப் போய் அரை லிட்டர் வாங்கி ஊற்றுகிறவர்களை நேரிலேயே பார்த்திருக்கிறேன். அதே மாதிரி இன்ஜினை அணைத்த நொடியில் பார்த்தாலும் அளவு குறைவாகத்தான் காட்டும். ஆயில் பாதி மேலே ஹெட்டிலும் வழியிலும் இருக்கும், அது கீழே இறங்க ஐந்து நிமிஷமாவது விட வேண்டும். சமதளம், சென்டர் ஸ்டாண்ட், கொஞ்ச நேரம் ஓடி அணைத்த இன்ஜின், ஐந்து நிமிஷம் பொறுமை. இவ்வளவும் இருந்தால்தான் கண்ணாடி உண்மை சொல்லும்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

கையேட்டின் விவரப் பட்டியலில் ஆயில் அளவு 2.75 லிட்டர் என்று இருக்கும். அது பொய் இல்லை. ஆனால் அது ஒரு சொட்டு ஆயில்கூட இல்லாத காய்ந்த இன்ஜினுக்கான கணக்கு. இன்ஜினைப் பிரித்து மாட்டினால் அவ்வளவு பிடிக்கும். நாம் ஆயில் மாற்றும்போது இன்ஜினைப் பிரிப்பதில்லை. அடியில் ஆயிலை வடிக்க வைத்திருக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றிச் சொட்டு நிற்கும் வரை வடித்தாலும் கிளட்ச் பக்கம், கியர்களுக்கு நடுவில், ஆயில் போகும் துளைகளில் கணிசமாகத் தங்கிவிடும். என் வண்டியில் ஃபில்டரும் சேர்த்து மாற்றினால் இரண்டேகால் லிட்டருக்குப் பக்கத்தில் கண்ணாடியின் நடுப்பகுதி வந்துவிடும்.

ஒரு தடவை ஊரில் இல்லாத நேரம், அவசரத்துக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தேன். திரும்பி வந்து பில்லைப் பார்த்தால் 2.75 லிட்டர். எழுதியது மட்டுமில்லை, அத்தனையும் உள்ளே போயிருந்தது. கண்ணாடியில் கோடே தெரியவில்லை, முழுக்க ஆயில். கேட்டால், "புக்குல அப்படித்தாங்கண்ணா போட்டிருக்கு, கூட இருந்தா இன்ஜினுக்கு நல்லதுதானே" என்றார் அந்தப் பையன். நல்ல மனசோடுதான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காசு பிடுங்கும் எண்ணமும் இல்லை. வரிசையில் ஏகப்பட்ட வண்டி நிற்கும்போது ஐந்து நிமிஷம் காத்திருந்து கண்ணாடி பார்க்க அவருக்கு யார் நேரம் கொடுத்தார்கள்? அதுவும் நியாயம்தான். ஆனால் கோடு போட்ட ஒரு கண்ணாடியை இன்ஜினிலேயே வைத்திருக்கும்போது, அதைப் பார்க்காமல் புத்தகத்து எண்ணை மட்டும் நம்பி ஊற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

"கூட இருந்தால் நல்லது" என்ற நினைப்புதான் பெரிய தொல்லை. பெட்ரோல் கூட இருந்தால் நல்லது, ஆயில் அப்படியில்லை. அளவு ஏறினால் பிஸ்டனோடு சேர்ந்து சுழலும் கிராங்க் தண்டு போய் ஆயிலில் அடிக்கும், மத்து போட்டு மோர் கடைகிற மாதிரி நுரை எழும்பும். நுரை என்றால் காற்று. ஆயில் பம்ப் அந்தக் காற்றையும் சேர்த்து மேலே அனுப்பும். இந்த இன்ஜினில் வால்வைத் திறக்கும் டேப்பட் ஹைட்ராலிக் வகை, அதற்குள் ஆயில் அழுத்தம் இருந்தால்தான் சத்தமில்லாமல் வேலை செய்யும். காற்றை அழுத்தலாம், ஆயிலை அழுத்த முடியாது. அதனால் காற்று கலந்த ஆயில் போனால் டேப்பட் டக் டக் என்று அடிக்கும். ஆயில் குறைந்துபோனாலும் இதே கதைதான், பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். ஆக, கூடினாலும் குறைந்தாலும் கடைசியில் இன்ஜினுக்குக் கிடைப்பது காற்று. இது புரிந்துவிட்டால் யாரும் "கொஞ்சம் சேர்த்தே ஊத்துப்பா" என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று, உள்ளே அழுத்தம் கூடியதும் ஆயில், இன்ஜின் மூச்சுவிடும் ப்ரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும். ஃபில்டர் நனைந்தால் இன்ஜினுக்குக் காற்று சரியாகக் கிடைக்காது, இழுவை மந்தமாகும். பெட்டிக்குக் கீழே தொங்கும் வடிகுழாயில் ஆயில் தேங்கி நின்றால் அதுதான் அடையாளம். தன் வண்டியில் அந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவரும் ஒரு தடவை தேடிப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. இது காற்றால் குளிரும் இன்ஜின், வெப்பத்தைத் தள்ளும் வேலையில் ஆயிலுக்கும் பங்கு உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரும் இரண்டாம் கியருமாக ஏறும்போது நுரைத்த ஆயிலோடு ஏறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கூடுதலாகப் போய்விட்டால் ஆயிலை முழுக்க வடிக்கத் தேவையில்லை. மெடிக்கல் கடையில் பெரிய சிரிஞ்சு ஒன்று, அதன் முனையில் மெல்லிய ட்யூப். ஆயில் ஊற்றும் வாய் வழியாக விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால் போதும். ட்யூப் எட்டவில்லை என்றால் ட்ரெயின் போல்ட்டை லேசாகத் தளர்த்தி வடிக்கலாம், ஆனால் சூடான ஆயில் கையில் வழியும், கவனம். அன்று என் வண்டியிலிருந்து ஏறக்குறைய அரை லிட்டர் வெளியே வந்த பிறகுதான் மேல்கோட்டுக்குக் கீழே இறங்கியது. டேப்பட் சத்தமும் அடங்கியது.

அதற்கப்புறம் ஆயில் மாற்றுவதை நானே செய்கிறேன். பத்து, பதினைந்து நிமிஷம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்குவேன், சூடான ஆயில் இளகி நன்றாக வடியும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி மேல் மூடியைத் திறந்து வைத்து, கீழே ட்ரெயின் போல்ட்டைக் கழற்றிவிட்டு நிதானமாக ஒரு டீ குடிக்கலாம். ஃபில்டர், அதன் ஓ-ரிங், போல்ட்டின் வாஷர் மூன்றையும் பார்த்து மாற்றி, போல்ட்டை அளவாக முடுக்க வேண்டும், அலுமினியக் கூட்டில் மரை போனால் செலவு பெரிது. பிறகு முதலில் இரண்டு லிட்டர் மட்டும். ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிஷம் ஐடிலில் விட்டால் புது ஃபில்டர் தனக்கு வேண்டியதைக் குடித்துக்கொள்ளும். அணைத்து, ஐந்து நிமிஷம் விட்டு, கண்ணாடி பார்த்து, பிறகு 50 மில்லி, 100 மில்லியாகச் சேர்ப்பேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் கொஞ்சம் மேலே வந்ததும் நிறுத்திவிடுவேன். ஆயில் 15டபிள்யூ50 கெட்டித்தன்மை, ஆயிலில் ஊறும் கிளட்ச் உள்ள பைக்குகளுக்கான ஜாசோ எம்ஏ முத்திரை உள்ளது. கிளட்ச்சும் அதே ஆயிலில் ஊறுவதால் கார் ஆயில் மட்டும் கூடவே கூடாது. கேனில் மிஞ்சும் கால் லிட்டரை இறுக மூடி வைத்தால் இடையில் குறையும்போது உதவும். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் விடாதீர்கள், ஒர்க்‌ஷாப் பேரலில் கொண்டுபோய்க் கொட்டுங்கள்.

இது கிளாசிக்கின் பிரச்சினை மட்டும் இல்லை. பல வண்டிக் கையேடுகளில் இரண்டு எண் இருக்கும், பிரித்து மாட்டினால் ஒன்று, வடித்து ஊற்றினால் ஒன்று. நமக்கு வேண்டியது எப்போதும் இரண்டாவது, சிறியது. ஹோண்டா வண்டிகளில் இன்னொரு சிக்கல், அளவுகுச்சியைத் திருகாமல் சும்மா உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் குச்சி கூடுதலாக உள்ளே போகும், ஆயில் நிறைய இருப்பதாகக் காட்டும், உள்ளே குறைவாக இருக்கும். கடையில் 900 மில்லி, ஒரு லிட்டர் என்று பாட்டில் வருவது அவர்கள் வசதிக்கு. பாட்டில் தீர்ந்ததா என்பது ஒரு அளவே கிடையாது.

பழைய இரும்பு இன்ஜின் புல்லட் வைத்திருந்தவர்களைக் கேட்டால் இதெல்லாம் சுலபம் என்பார்கள். அதில் இன்ஜினுக்குத் தனி ஆயில், கியர்பாக்ஸுக்குத் தனி, கிளட்ச் பக்கம் தனியாக 420 மில்லி. போதாததற்கு நாள்கணக்கில் நிறுத்தி வைத்தால் ஆயில் தன் அறையிலிருந்து கிராங்க் பக்கம் கசிந்துவிடும், குச்சியில் குறைவாகக் காட்டும், அதை நம்பி ஊற்றினால் போச்சு. அந்தத் தலைமுறை மெக்கானிக்குகள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அளவு பார்ப்பார்கள். அந்தப் பொறுமை இப்போது குறைந்துபோனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அந்தத் தம்பி இன்னொன்றும் கேட்டார். அவருடைய அண்ணனுக்கு இதே பழைய கிளாசிக் செகண்ட் ஹேண்டில் வருகிறதாம், விலையும் இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று. இவ்வளவு புகழ்ந்த பிறகு வாங்குங்கள் என்றுதான் நான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த அண்ணன் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டுச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிற ஆள். அவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தானே குனிந்து கண்ணாடி பார்ப்பேன் என்கிறவர் கேட்டிருந்தால் அன்றைக்கே போய் அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லியிருப்பேன்.