முதல் ராஃப்டிங்: பெரிய படகா, இருவர் கயாக்கா?

ஜோடியாக முதன்முறை சீறும் ஆற்றில் இறங்குபவர்களுக்கு என் ஓட்டு, வழிகாட்டியுடன் போகும் பெரிய ரப்பர் படகுக்கே. பின்னால் அமர்ந்து அவர் குரல் கொடுப்பார். பாதத்தைப் படகின் இடுக்கில் செருகிக்கொண்டு, சொன்னபடி துடுப்புப் போட்டால் 3ஆம் நிலை அலைகளைக்கூடத் தாண்டலாம். (ஆறுகளைக் கடினத்தைப் பொறுத்து 1 முதல் 6 வரை நிலை பிரிப்பார்கள், 6 நமக்கானதல்ல.)

இருவர் கயாக்கில் (இருவர் முன்பின்னாக அமர்ந்து துடுப்புப் போடும் குறுகிய படகு) சுதந்திரம் அதிகம், சண்டையும் அதிகம். முன்னால் இருப்பவர் தாளம் பிடிக்க, பின்னால் இருப்பவர் திசை திருப்ப வேண்டும். பக்கவாட்டில் பாறையில் மோதினால் இருவரும் பாறைப் பக்கமே சாய வேண்டும். ஒருவர் பயந்து மறுபக்கம் சாய்ந்தாலும் நீர் ஏறிக் கவிழ்ந்துவிடும். யார் தவறு என்ற வழக்கு கரை வரை நீளும். 1, 2ஆம் நிலை ஆறென்றால் முயலலாம்.

எதிலிருந்து விழுந்தாலும் ஓடும் நீரில் எழுந்து நிற்காதீர்கள், பாறையிடுக்கில் கால் சிக்கும். மல்லாந்து, கால்களை நீரோட்டத் திசையில் நீட்டி மிதந்துகொண்டிருங்கள்.