தண்டையார்பேட்டை ஏர் ரைஃபிள் ரேஞ்ச்: பத்து ஜூலுக்கு மேல் உள்ளே அனுமதி இல்லை

தண்டையார்பேட்டை மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். பழைய குடோன் ஒன்றை எடுத்து பத்து மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் ரேஞ்சாக மாற்றியிருக்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதில் இருந்து என் மகள் பிடித்த பிடிவாதம், கடைசியில் இங்கே சேர்த்துவிட்டேன். இந்த இடத்தைப் பற்றி ஏரியாவில் அதிகம் காதில் விழும் குறை, "சொந்த கன் எடுத்துட்டுப் போனா மெஷின்ல வச்சு டெஸ்ட் பண்றாங்க, பாதி பேரைத் திருப்பி அனுப்பிடறாங்க" என்பதுதான். அந்த டெஸ்டுக்காகவே நான் இவர்களுக்கு முழு மார்க் கொடுப்பேன்.

டெஸ்ட் இதுதான். உள்ளே நுழைந்ததும் ஒரு மேஜை, அதன் மேல் குண்டின் வேகத்தை அளக்கிற க்ரோனோகிராஃப், பக்கத்தில் சின்ன டிஜிட்டல் தராசு. அன்றைக்கு நீங்கள் சுடப்போகும் அதே பெல்லட்டை (ஏர் கன்னில் போடும் சின்ன ஈயக் குண்டு) எடை போடுகிறார்கள், அதையே ஐந்து முறை க்ரோனோ வழியாகச் சுடச் சொல்கிறார்கள். எடையில் (கிலோவில்) பாதியை வேகத்தின் (வினாடிக்கு மீட்டரில்) வர்க்கத்தால் பெருக்கினால் குண்டின் ஆற்றல் ஜூல் கணக்கில் வந்துவிடும், நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிற அதே இயக்க ஆற்றல் சூத்திரம். ஐந்தில் ஒன்று பத்து ஜூலைத் தாண்டினாலும் அந்த ரைஃபிள் சுடுகிற லேனுக்குப் போகாது.

என் அக்கா பையன் போன வருடம் ஒரு ஸ்பிரிங் ரைஃபிள் வாங்கினான். வினாடிக்கு 1000 அடி என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, ஜூல் எவ்வளவு என்று எங்கேயும் இல்லை, விற்ற கடைக்காரரைக் கேட்டதற்கு "நல்ல பவர் சார்" என்பதோடு முடித்துக்கொண்டார். அதை இங்கே எடுத்து வந்தான். 0.53 கிராம் ஈய பெல்லட் போட்டுச் சுட்டதில் முதல் குண்டு வினாடிக்கு 270 மீட்டர் காட்டியது, அது 19 ஜூல். அடுத்தடுத்த குண்டுகளில் குறைந்து 240-இல் வந்து நின்றது, அதுவே 15 ஜூல். கோச் குழலை முகர்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, ஆயில் விட்டியா?" என்றார். "நேத்து நைட் விட்டேன் சார்." உள்ளே தங்கிய எண்ணெய் ஸ்பிரிங் அழுத்தும் காற்றின் சூட்டில் பற்றி எரிந்து குண்டைக் கூடுதலாகத் தள்ளுகிறது, டீசலிங் என்கிறார்கள். அதே துப்பாக்கி, அதே பெல்லட், நேற்று விட்ட எண்ணெயால் நாலு ஜூல் ஏறிவிட்டது. பெட்டியில் போட்ட வேகக் கணக்கை நம்பி எவரையும் லேனில் நிறுத்தக்கூடாது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த 1000 அடியும் பெரும்பாலும் எடை குறைந்த அலாய் பெல்லட்டில் எடுத்த வேகமாக இருக்கும், எடை தெரியாமல் வேகத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இதில் நிறைய பேர் குழம்புவது சட்டத்தில். 2016 ஆயுத விதிகளின்படி குழல் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாமல் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். உடனே, "அரசாங்கமே 20 விடுது, நீங்க யாரு 10-னு சொல்ல?" என்று சண்டைக்கு வருகிறார்கள். 20 என்பது லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்வதற்கான வரம்பு. ரேஞ்சின் வரம்பு, டார்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற இரும்புப் பெட்டி எவ்வளவு தாங்கும் என்பதைப் பொறுத்தது. போட்டிக்குரிய ரைஃபிள்கள் ஏறக்குறைய ஏழரை ஜூலில் ஓடுகின்றன (ஜெர்மனியில் தாராளமாக வாங்கக்கூடிய ஏர் கன்னுக்கே அதுதான் வரம்பு), பத்து மீட்டர் பெட்டிகள் பலவும் அந்த அளவுக்குத்தான் செய்யப்படுகின்றன. ஏழரை ஜூல் ஈயம் தகட்டில் பட்டு அப்பளமாக நசுங்கிக் கீழே விழும். பதினைந்து ஜூலில் தொடர்ந்து அடித்தால் தகடு குழியும், குழிந்த இடத்தில் பட்ட அடுத்த குண்டின் துணுக்கு எந்தக் கோணத்தில் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளைகள் நிற்கிற இடம் அது. பிபி எனப்படும் சின்ன இரும்பு உருண்டைக் குண்டுகளை இவர்கள் அடியோடு தடை செய்திருப்பதும் இதனால்தான், அவை நசுங்காமல் அப்படியே துள்ளி வரும்.

இத்தனைக்கும் கூடுதல் பவரால் ஸ்கோர் ஏறப்போவதே இல்லை. ஏர் ரைஃபிள் டார்கெட்டில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அட்டையில் சுத்தமாக ஓட்டை விழ ஏழு ஜூல் தாராளம். பவர் கூடினால் ஸ்பிரிங் கன் கையில் உதறும், குறி தப்பும், அவ்வளவுதான். காற்றில் இல்லாமல் வெடிமருந்தில் சுடும் புள்ளி இரண்டு இரண்டு (.22) ரைஃபிளும் இங்கே கேட்காதீர்கள். அதன் சாதாரண 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) குண்டே கிட்டத்தட்ட 140 ஜூல் வரும், அதற்கு லைசென்ஸும் வேண்டும், முற்றிலும் வேறு மாதிரியான ரேஞ்சும் வேண்டும்.

குறைகளும் உண்டு. பெரிய குறை, கை கழுவும் இடம் வெளியே மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது, சோப்பு பாதி நாள் இருப்பதில்லை. பிள்ளைகள் ஈய பெல்லட்டைத் தொட்ட கையோடு அங்கேயே டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். ஈயம் குழந்தைகள் உடம்புக்கு எவ்வளவு கெடுதல் என்று தெரிந்தவர்கள், ஜூலில் காட்டும் அதே கண்டிப்பை இதிலும் காட்ட வேண்டும், கோச்சிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். காற்றோட்டமும் போதாது, மே மாதத்தில் ஷூட்டிங் ஜாக்கெட் போட்டு நிற்பது கொடுமை. பத்து ஜூல் விதியை உள்ளே ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டியிருக்கிறார்கள், வெளியே தமிழில் ஒரு பலகை வைத்தால் வாசல் சண்டையில் பாதி குறையும்.

சொந்த ரைஃபிள் இல்லாவிட்டால் வாடகைக்குத் தருகிறார்கள், பிசிபி (சிலிண்டரில் முன்பே அழுத்தி அடைத்த காற்றில் சுடுவது), போட்டித் தரம்தான். சிலிண்டரில் காலாவதித் தேதி பார்த்துத்தான் காற்று நிரப்புகிறார்கள், நானே கேட்டு உறுதி செய்துகொண்டேன். பெல்லட் விலை வெளியைவிடக் கொஞ்சம் கூட. ஞாயிறு காலை கூட்டம் அதிகம், வார நாளில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால் லேன் உடனே கிடைக்கும். சொந்த கன் எடுத்துப் போகிறவர்கள் பெல்லட் டின்னையும் சேர்த்து எடுத்துப் போங்கள், முந்தின நாள் எண்ணெய் விடாதீர்கள்.