ஹேண்ட் ஃபீட் காக்டெயிலுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

காக்டெயில் (cockatiel) என்ற சிறிய கொண்டைக் கிளி வாங்கப் போகும் நண்பர் கேட்ட கேள்வி இது. ஹேண்ட் ஃபீட் என்றால் குஞ்சிலேயே கூட்டிலிருந்து எடுத்து மனிதர் கையால் ஊட்டி வளர்த்தது. என் வீட்டில் இரண்டு வகையும் இருக்கின்றன, இரண்டும் சாம்பல் நிற ஆண்கள். மணி, சிரிஞ்சில் கஞ்சி குடித்து வளர்ந்தவன். வேலுவைக் கூட்டுப் பெட்டியிலேயே அவனுடைய அப்பா அம்மா ஊட்டி வளர்த்தார்கள்.

முதலில் மணியின் கத்தல். நான் கண்ணுக்குத் தெரியும்வரை பிரச்சினையே இல்லை. குளிக்கப் போனால், பால் பாக்கெட் எடுக்க வாசலுக்குப் போனால், அறைக் கதவைச் சாத்தினால் ஆரம்பித்துவிடுவான். ஒரே சுருதியில், நான் திரும்பி வரும்வரை. காக்டெயில் கூட்டமாக வாழும் ஆஸ்திரேலியப் பறவை, கூட்டம் கண்ணில் படாவிட்டால் கூப்பிடத்தான் செய்யும். ஆனால் இரண்டு மூன்று வாரக் குஞ்சாக இருக்கும்போதே கூட்டிலிருந்து எடுத்துவிட்டதால் மணிக்குக் கூட்டம் என்றால் நான் மட்டும்தான். பக்கத்துக் கம்பியில் வேலு உட்கார்ந்திருப்பது கணக்கிலேயே வராது. கத்தும்போது போகாதே, அடங்கியதும் போ என்பார்கள். விடாமல் செய்கிறேன், குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு இது நாள் முழுக்கத் தலைவலி. இனப்பெருக்கப் பருவம் வந்தால் என் விரலை ஜோடியாக நினைத்து இரையைக் கக்கி ஊட்ட வருவான், அப்போது வீட்டில் வேறு யார் கை நீட்டினாலும் கடிதான்.

வேலு வந்த புதிதில் கூண்டுக்குள் கை போனாலே மூலையில் ஒடுங்கிச் சீறுவான். தினைக்கதிரை நீட்டி நீட்டித்தான் பழக்கினேன், மாதக்கணக்கில் ஆனது. இப்போது கையில் ஏறி உட்கார்ந்து சாப்பிடுவான், தலையைத் தொட மட்டும் விடமாட்டான். ஆனால் ஒரு துண்டு பனையோலை கொடுத்தால் போதும், நார் நாராகக் கிழித்துக்கொண்டு காலை முழுக்கத் தன்பாட்டில் இருப்பான். நான் வெளியே போனால் ஒரு சத்தம் கொடுத்துவிட்டு ஓலைக்குத் திரும்பிவிடுவான். எனக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

மணிக்கும் நியாயம் செய்ய வேண்டும். இரண்டு பேருக்கும் வயிறு கெட்டு மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்தார். சிரிஞ்சைப் பார்த்ததும் மணி குஞ்சு மாதிரியே தலையை ஆட்டி ஆட்டி வாயைத் திறந்தான், ஒரு சொட்டு சிந்தவில்லை. வேலுவைத் துண்டில் சுற்றிப் பிடிக்க வேண்டியதாயிற்று, அவன் நெஞ்சு படபடத்தது உள்ளங்கையில் தெரிந்தது. நகம் வெட்டவும் இதே கதைதான். சாயங்காலம் மணி கொண்டையைத் தாழ்த்திக் கழுத்தைச் சொறியக் கொடுப்பதற்கு ஈடாக வேலுவிடம் எதுவும் இல்லை.

ஒரு விஷயத்தில் எனக்குக் கடும் கோபம் உண்டு. 'நீங்களே ஊட்டினால்தான் ஒட்டும்' என்று சொல்லி, தானாகச் சாப்பிடத் தெரியாத குஞ்சையும் ஒரு பொட்டலம் ஃபார்முலாவையும் (கஞ்சி மாவு) கையில் கொடுத்துவிடுகிறார்கள். கஞ்சி சுமார் 40 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். சூடு கூடினால் இரைப்பை வெந்துவிடும், குறைந்தால் உணவு அங்கேயே தேங்கிப் புளிக்கும், மூச்சுக்குழாயில் போனால் குஞ்சு செத்தே போகும். பழக்கமில்லாதவர் இதில் இறங்கவே கூடாது. தானாகத் தின்னும் குஞ்சை வாங்கினாலும் பாசமாகவே இருக்கும்.

அமேசான் கிளிக் குஞ்சுகளைப் பெற்றோரிடமே விட்டு, தினமும் கொஞ்ச நேரம் கையில் எடுத்துப் பழக்கிப் பார்த்த ஆய்வு ஒன்று 2000இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அப்படிப் பழகிய குஞ்சுகள் மனிதர்களிடம் சாதுவாகவே இருந்தன. வளர்ப்பவரிடம் இதைத்தான் கேளுங்கள்: பெட்டியில் இருக்கும்போதே குஞ்சுகளைக் கையில் எடுத்தீர்களா? ஆமாம் என்றால் அந்தக் குஞ்சை வாங்குங்கள். (மலிவாகக் கிடைக்கிறதென்று பச்சைக்கிளி பக்கம் போகாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பது குற்றம்.)

மணியை யார் என்ன விலை கேட்டாலும் கொடுக்கமாட்டேன். ஆனால் இன்னொரு ஹேண்ட் ஃபீட் குஞ்சை இந்த வீட்டுக்குள் கொண்டுவரவும் மாட்டேன். அந்தக் கூடுதல் பணத்தில் பெரிய கூண்டாக வாங்கிவிடுங்கள்.