நான்கு வருடமாகக் கழுவும் முயல் கூடு

எங்கள் வீடு மட்டக்களப்பு கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் இருக்கிறது. 2021 மார்கழியில் மகள் கேட்டாள் என்று இரண்டு முயல்கள் வாங்கினோம். வெள்ளைக்குப் பஞ்சு, மற்றதுக்குக் கறுப்பி என்று பெயர். பக்கத்து வளவில் தச்சுவேலை செய்யும் அண்ணன் கூடு அடித்துத் தந்தார். நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், மரச்சட்டம், நாகம் (துத்தநாகம்) பூசிய கம்பி வலை, பாதித் தரைக்குப் பலகை. பின்விறாந்தையில் வைத்தோம்.

மூன்றாம் மாதம் மாமி சித்தாண்டியில் இருந்து வந்தார். "என்ன புள்ள இது, படலைக்க வரக்குள்ளயே மணக்குது?" என்றார். எனக்கோ அன்றுவரை ஒரு வீச்சமும் தெரியவில்லை. தினமும் அதற்குள்ளேயே இருக்கிற மூக்கு பழகிவிடுகிறது. அதன்பிறகு சந்தைக்குப் போய்த் திரும்பியதும் முதல் வேலையாகக் கூட்டடியில் குனிந்து, முயலின் மூக்கு இருக்கிற உயரத்தில், ஒருதரம் மோந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். நின்றுகொண்டு மணத்தைப் பார்ப்பது நமக்கான கணக்கு, முயலுக்கானது இல்லை.

மாமி போன மறுநாள் நான் செய்தது பெரிய பிழை. தரை துடைக்கும் எலுமிச்சை வாசனைத் திரவத்தை வாளி நிறையக் கரைத்துக் கூட்டை ஊறவைத்துக் கழுவினேன். இரண்டு நாள் எலுமிச்சையும் மூத்திரமும் கலந்த ஒரு மணம் வந்தது. தனி மூத்திர மணம் அதைவிடப் பரவாயில்லை. பஞ்சு தும்மத் தொடங்க, மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். வாசனைப் பொருளை நிறுத்தச் சொல்லி, காரணத்தையும் அவர் விளக்கினார். மூத்திரத்தில் உள்ள யூரியாவைப் பக்டீரியாக்கள் உடைத்து அமோனியாவாக்குகின்றன. முயலின் மூக்கும் நுரையீரலும் அதைத் தாங்கா. புதிதாகப் பெய்த மூத்திரத்தில் அவ்வளவு வீச்சம் இல்லை, ஈரமாகத் தேங்கி நிற்கும்போதுதான் ஏறுகிறது. ஆக, எனக்கு வேண்டியது காய்ந்த கூடு. வாசனை ஊட்டுகிற எதையும் அன்றோடு விட்டேன்.

அடுத்தது வெள்ளைப் படிவு. தட்டிலும் வலையின் அடியிலும் சுண்ணாம்பு அடித்தது போல ஒரு படை பிடிக்கும். சவர்க்காரம் அதைத் தொடாது. கத்தியால் சுரண்டிப் பார்த்தேன், கை நொந்ததுதான் மிச்சம். சாப்பாட்டில் வரும் கல்சியத்தில் பெரும்பகுதியை முயலின் உடல் உறிஞ்சிக்கொண்டு, மேலதிகமானதை மூத்திரத்தோடு வெளியேற்றுமாம். நாங்களோ வளவில் முருங்கை நிற்கிறது என்று தினமும் ஒரு பிடி முருங்கையிலை போட்டுக்கொண்டிருந்தோம். கல்சியம் நிறைந்த இலை! அதைக் குறைத்துக் கங்குன் கீரையும் புல்லும் கூட்டிய பிறகு படிவும் குறைந்தது.

படிந்ததை எடுக்க வினாகிரிதான். ஊற்றியதும் நுரைத்தது. பக்கத்தில் நின்ற மகள், "அமிலமும் காபனேற்றும்மா, பாடத்தில இருக்கு" என்றாள். வினாகிரி அமிலம், படிவு கல்சியம் காபனேற்று. கடையில் விற்கும் சாதாரண வினாகிரியே போதும். பழைய துணியை அதில் நனைத்துப் படிவின் மேல் விரித்து, இருபது நிமிடம் விட்டு, தேங்காய்ப் பொச்சால் தேய்த்தால் படையாகக் கழன்று வரும். கழன்ற இடத்தை மோந்து பார்த்தபோதுதான் விளங்கியது: இவ்வளவு நாளும் மணம் குடியிருந்தது இந்தப் படைக்குள். மேலால் எத்தனை தரம் கழுவியும் பலன் இல்லாமல் போனது அதனால்தான்.

ஆனால் இருபது நிமிடம் நல்லது என்றால் இராமுழுக்க இன்னும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன். வினாகிரி வலையின் நாகப் பூச்சையும் தின்றுவிட்டது. கடற்கரை உப்புக் காற்று வேறு. சில மாதங்களில் துரு ஏறி, 2023இல் வலையையே மாற்ற வேண்டியதாயிற்று.

கூட்டுக்குள் விரிப்பது பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். முதலில் பழைய பத்திரிகைத் தாள். 2022இல் கடதாசித் தட்டுப்பாடு வந்து பத்திரிகை வாங்குவதே குறைந்தபோது அதுவும் போனது. எங்கள் பக்கம் உமிக்குப் பஞ்சமில்லை, நெல் ஆலையில் மூட்டையாகக் கொண்டுவரலாம். ஆனால் உமி ஈரத்தைப் பிடிக்காது, மூத்திரம் அதற்கூடாக ஓடி அடியில் நிற்கும். போதாததுக்கு மூட்டையைத் தேடி எலி வந்தது. மரக்காலையில் இருந்து எடுத்த மரத்தூள் நன்றாக உறிஞ்சும், ஆனால் தூசி பறந்து இரண்டும் தும்மும். எந்த மரம் என்றும் தெரியாது, பைன் போன்ற சில மரங்களின் எண்ணெய் முயலுக்கு ஆகாது. பிறகு உமிக்கரி. மணத்தை நன்றாக இழுத்தது, ஒரு வாரத்தில் பஞ்சுவையும் சாம்பல் நிறமாக்கியது. இப்போது உமிக்கரியைத் தட்டின் அடியில் மெல்லியதாகப் பரப்பி, அதன்மேல் தாள், மேலே வைக்கோல். முயலின் கால் கரியில் படாது. இரண்டு வருடமாக இதை மாற்றவில்லை.

இன்னொன்று, முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் பெய்யும். அந்த மூலையில் ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டை வைத்தேன். தினமும் காலையில் அதை மட்டும் கொட்டிக் கழுவினால் மற்ற இடங்கள் வாரக்கணக்கில் சுத்தமாக நிற்கும். கழுவிய தட்டில் பழைய வைக்கோல் கொஞ்சம் திரும்பப் போட வேண்டும். ஒருதரம் எல்லாவற்றையும் துடைத்துப் பளபளவென்று வைத்தேன், தன் மணம் போய்விட்டதே என்று பஞ்சு நாலு பக்கமும் பீச்சியடித்தது.

ஆம், பீச்சியடித்தது. விற்றவர் இரண்டும் பெட்டை என்றார். 2022 ஆவணியில் கறுப்பி ஆறு குட்டி போட்டபோது உண்மை தெரிந்தது. நடுவில் வலை வைத்துப் பிரித்தோம். கடுவனின் மூத்திர வீச்சம் தனி ரகம், சுவர் வரைக்கும் அடிக்கும். அந்தப் பக்கச் சுவரில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தொங்கவிட்டு வாரம் இருமுறை துடைக்கிறேன்.

எனக்கு அதிகம் செலவு வைத்தது பலகைத் தரை. வினாகிரி, கொதிதண்ணீர், வெயில் எல்லாம் பார்த்தாயிற்று. மரத்துக்குள் இறங்கிய மூத்திரம் வெளியே வராது, மழை பெய்தால் மறுபடி மணக்கும். கடைசியில் பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, குளியலறைக்குப் போட்டு மிஞ்சிய சொரசொரப்பான டைல்ஸ் இரண்டை வைத்தோம், மேலே ஒரு சாக்கு. கச்சான் என்கிற வரண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் வெக்கை மாதங்களில் முயலுக்கு அது குளிர்ச்சியும்கூட.

பெரிய கழுவலை நான் கச்சான் காலத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். காலையில் பிரித்துக் கழுவி வெயிலில் சாய்த்தால் மத்தியானத்துக்குள் காய்ந்து கலகலக்கும். ஐப்பசியில் மழை தொடங்கினால் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதே இல்லை. காயாத கூடு கழுவாத கூட்டைவிட மோசம். சுரண்டி எடுத்து, வினாகிரித் துணியால் துடைத்து, மின்விசிறியைப் போட்டுவிடுவேன். அந்த மாதங்களில் தினமும் முயலின் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். மயிர் அழுக்காக இருந்தால் ஈ முட்டையிட்டு ஒரு நாளுக்குள் புழுப் பிடிக்கலாம்.

2024 கார்த்திகை வெள்ளத்தில் வளவெல்லாம் தண்ணீர். கூடு மூன்று நாள் மண்டபத்து மேசையில் இருந்தது. வெள்ளம் வடிந்ததும் எலிக்காய்ச்சல் பயத்தில் கையுறை போட்டுக்கொண்டு, கிணற்றுக்கென்று இருந்த பிளீச்சிங் பவுடரைக் கரைத்தேன். பழக்கதோஷத்தில் மற்றக் கை வினாகிரிப் போத்தலைத் தூக்கிவிட்டது. மகள் கத்தினாள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூத்திரம் கிடக்கிற கூட்டில் பிளீச்சிங் ஊற்றினாலும் குளோரமைன் என்ற நச்சு வாயு வரும். முதலில் தண்ணீரால் நன்றாகக் கழுவி, பிறகு தனியே பிளீச்சிங், மறுபடி நிறையத் தண்ணீர், முழுவதும் காய்ந்த பிறகே முயல். வருடம் முழுக்க இது தேவையில்லை, நான் அந்த ஒருதரம்தான் பாவித்தேன்.

இன்று மழைநாளில் குனிந்து மோந்தால் இடதுபக்கப் பின்காலடியில் மட்டும் லேசாக வீச்சம் வருகிறது. பழைய மரச்சட்டத்தில் மிஞ்சியது அந்த ஒரு கால்தான். அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், அடுத்த கச்சானுக்கு முன் அதையும் இரும்புக் குழாயாக மாற்றித் தருவதாகச் சொன்னார்.