பலாலியா, கட்டுநாயக்காவா? சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரு வான்வழிகள்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து பலாலியில் உள்ள யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். கொழும்புக்கு வடக்கே உள்ள கட்டுநாயக்காவுக்கோ ஏறத்தாழ 645 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்கே 415 கிலோமீட்டர் அளவுக்குப் பறக்க வேண்டியிருக்க, யாழ்ப்பாணம் அதைவிடப் பக்கத்தில் இருக்கிறது என்பது வரைபடத்தை விரித்துப் பார்க்கும்வரை பலருக்கும் தோன்றுவதில்லை.

தொலைவு ஏறக்குறையப் பாதியாக இருப்பதால் பறக்கும் நேரமும் பாதியாகிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். அட்டவணைப்படி பலாலிக்கு ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டியும், கட்டுநாயக்காவுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமும் ஆகின்றன. பலாலிக்குப் பறப்பது எழுபது, எண்பது பேர் அமரக்கூடிய ஏடிஆர் 72 வகை விசிறி விமானம். அது மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டியே செல்லும். கொழும்புத் தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் விமானங்கள் 800 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தை எட்டக்கூடியவை. அந்த வேகங்களிலேயே முழுத் தொலைவையும் கடந்தால் முன்னதற்கு 43 நிமிடமும் பின்னதற்கு 48 நிமிடமும்தான் ஆகும். எஞ்சிய நேரம், நிறுத்துமிடத்திலிருந்து நகர்வது, ஓடுபாதைக்காகக் காத்திருப்பது, மேலேறுவது, இறங்குவது ஆகியவற்றில் கழிகிறது. அட்டவணை நேரம் இவை அனைத்தையும் சேர்த்தே குறிக்கிறது. இரு நாடுகளுக்கும் நேர வேறுபாடு இல்லாததால், புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் அப்படியே கழித்துப் பார்க்கலாம்.

ஆகவே வானத்தில் மிச்சமாவது கால் மணி நேரமே. உண்மையான வேறுபாடு தரையில்தான் இருக்கிறது. பலாலியிலிருந்து யாழ் நகரம் 20 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். கட்டுநாயக்காவில் இறங்கியவரோ புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக 350 கிலோமீட்டரை ஒட்டிய சாலைப் பயணத்தை மேற்கொள்ள வேண்டும்; காரில் போனாலும் ஆறேழு மணி நேரம் பிடிக்கும். ரயிலை விரும்புபவர் முதலில் தெற்கே கொழும்புக் கோட்டை நிலையத்துக்குப் போய், பின்பு மீண்டும் வடக்கு நோக்கித் திரும்ப வேண்டியிருக்கும். சென்னையிலிருந்து தெற்கே பறந்து யாழ்ப்பாணத்தைத் தாண்டிச் சென்றுவிட்டுத் தரைவழியாகத் திரும்பி வரும் இந்த ஏற்பாடு, வேறு வழி இல்லாத காலத்தில் பழகிப்போன ஒன்று. பலாலியில் சென்னைச் சேவை 2019 நவம்பரில் தொடங்கி, கொரோனாவால் 2020இல் நின்று, 2022 டிசம்பரில்தான் மீண்டது.

கட்டுநாயக்காவின் பலம் எண்ணிக்கையில் இருக்கிறது. அங்கே நாள்தோறும் பல விமானங்கள் உள்ளன. ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்தது கிடைக்கும். பலாலிச் சேவைகள் மிகச் சிலவே என்பதால், ஒன்று ரத்தானால் மறுநாள்வரைகூடக் காத்திருக்க நேரலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதை மனத்தில் கொள்வது நல்லது. சிறிய விமானம் என்பதால் பயணப்பொதியின் எடை வரம்பையும் சீட்டு வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். கல்யாணச் சாமான்களுடன் போகும் குடும்பங்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

யாழ்ப்பாணமே சேருமிடம் என்றால், கட்டணம் ஒன்றரை மடங்காக இருந்தாலும் நான் பலாலியையே தேர்வேன், ஏனெனில் சாலைச் செலவும் இழக்கும் ஒரு பகலும் அந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். வவுனியாவுக்குப் போகிறவருக்கு இதே விடையை அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அவ்வூருக்குப் பலாலியிலிருந்தும் 150 கிலோமீட்டருக்கு மேல் தரைவழிப் பயணம் இருக்கிறது.