பூட்டுப் போட வந்தவர் கதவைக் கழற்றிச் சென்ற கதை: வீட்டு வைஃபை குறித்து ஓர் எச்சரிக்கை

எங்கள் வீட்டு வைஃபையில் வீட்டாரின் கைப்பேசிகளும் கணினிகளும் தவிர வேறு எதுவும் ஏறக் கூடாது என்பதற்காக ரூ. 4,300 செலவழித்தேன். அந்தச் செலவின் பயனாக, கடவுச்சொல்லே இல்லாத ஓர் இணைப்பை ஏழு மாதங்கள் பாதுகாப்பானது என்று நம்பி வைத்திருந்தேன். இதைச் செய்து கொடுத்தவர் எங்கள் பகுதியில் கேமரா பொருத்துவது, கணினி பழுது பார்ப்பது போன்ற வேலைகளைச் செய்பவர். அவர் பெயரையோ கடையையோ இங்கே எழுதப் போவதில்லை. இதே வேலையை இதே முறையில் செய்து தருபவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால், முறையைத் தெரிந்துகொள்வதே உங்களுக்குப் பயன்படும்.

திருச்சியில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் நண்பர்களுக்கெல்லாம் வைஃபையைத் தாராளமாகப் பகிர்ந்துவிடுவான். கடவுச்சொல்லை வாயால் சொல்லக்கூடத் தேவையில்லை. ஆண்ட்ராய்டு 10 வந்த பிறகு கைப்பேசியில் ஒரு க்யூஆர் கட்டத்தைக் காட்டினாலே போதும், எதிரில் இருப்பவர் உள்ளே வந்துவிடலாம். மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் மாடிப்படியில் நான்கைந்து பிள்ளைகள் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருப்பதும், அந்த நேரம் பார்த்து என் அலுவலகக் காணொளிக் கூட்டம் திக்கித் திணறுவதும் வாடிக்கையாகிவிட்டன. இரண்டு முறை கடவுச்சொல்லை மாற்றியும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

அந்த நிலையில்தான் அவரை அழைத்தேன். வந்தவர் சொன்ன யோசனை அன்றைக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. "பாஸ்வேர்டுன்னு ஒண்ணு இருந்தாத்தானே சார் பையன் வெளிய சொல்லுவான்? அதையே எடுத்துட்டு, உங்க வீட்டு போன் மட்டும் ஏறுற மாதிரி லிஸ்ட் போட்டுத் தர்றேன்" என்றார். ஒவ்வொரு கைப்பேசியாக வாங்கி, அதன் மேக் முகவரியைப் பார்த்து, ஒரு பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் பேனாவால் எழுதி, ரவுட்டரில் ஒவ்வொன்றாகப் பதிந்தார். மொத்தம் ஒன்பது சாதனங்கள். அந்தத் தாளை ரவுட்டருக்குப் பின்னால் செலோடேப் போட்டு ஒட்டினார். கடைசியாகத் தன் சட்டைப் பையிலிருந்து இன்னொரு கைப்பேசியை எடுத்து, எங்கள் வைஃபையைத் தொட்டுக் காட்டினார். அது சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு இணைய முடியாமல் நின்றது. எங்களை நம்ப வைத்தது அந்த ஒரு காட்சிதான். ரூ. 2,500 கேட்டார், பேரம் பேசாமல் கொடுத்தேன். ரசீது தரவில்லை, நானும் கேட்கவில்லை.

மேக் முகவரி என்பது ஒவ்வொரு சாதனத்தின் வைஃபை பாகத்துக்கும் தயாரிப்பாளர் இடும் அடையாள எண். அதில் பன்னிரண்டு இடங்கள் உண்டு. 0 முதல் 9 வரையுள்ள எண்களும் ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளும் அவற்றில் வரும். ரவுட்டர் தன்னிடமுள்ள பட்டியலில் இந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் உள்ளே விடும். கேட்பதற்கு வாயிற்காவலர் போலத் தோன்றும் இந்த ஏற்பாட்டின் ஓட்டையைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்பே தொல்லை வேறு வழியில் தொடங்கிவிட்டது.

முதல் வாரத்திலேயே என் மடிக்கணினி இணைய மறுத்தது. அவர் வந்து பார்த்து, ஏதோ செய்துவிட்டு, ரூ. 300 வாங்கிக்கொண்டு போனார். என்ன கோளாறு என்பது பிறகு அந்தத் தாளை உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: 8 என்ற எண்ணை அவர் பி என்ற ஆங்கில எழுத்தாகப் படித்துப் பதிந்திருந்தார். தன் பிழையைத் திருத்துவதற்கு என்னிடமே கூலி வாங்கியிருக்கிறார். அடுத்து, மகள் புதிய கைப்பேசி வாங்கியபோது ஒரு முறை வந்தார். மனைவி தன் கைப்பேசியில் நெட்வொர்க் அமைப்புகளை ரீசெட் செய்தபோது மீண்டும் ஒரு முறை வந்தார். ஆண்ட்ராய்டு 10 முதலும், ஐபோனில் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும், தனியுரிமைக்காகக் கைப்பேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் தயாரிப்பாளர் இட்ட எண்ணைக் காட்டாமல், தாமே உருவாக்கிய வேறோர் எண்ணைக் காட்டுகின்றன. அவர் ஒவ்வொரு கைப்பேசியிலும் இந்த வசதியை அணைத்துவிட்டுத்தான் பட்டியலே போட்டிருந்தார். இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் அந்த வசதி தானாக மீண்டும் வந்துவிடும்; உடனே வீட்டுக் கைப்பேசியே வீட்டுக்கு அந்நியமாகிவிடும். இதை அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்களே அரை நிமிடத்தில் சரிசெய்திருப்போம். நாமே பதிந்துகொள்கிறோம், ரவுட்டரின் அமைப்புகளை மாற்றுவதற்கான நிர்வாகக் கடவுச்சொல்லைக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, "அது வேண்டாம் சார், தெரியாமக் கை பட்டா எல்லாம் போயிடும்" என்று மறுத்துவிட்டார். இப்படி ஆறு முறை வந்து போனதில் ரூ. 1,800 ஆயிற்று.

உண்மை வெளியே வந்தது தற்செயலாகத்தான். என் மனைவி ஒரு திருமணத்துக்காகக் கும்பகோணம் போயிருந்த நாளில், சென்னையில் நெட்வொர்க் வேலை பார்க்கும் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். இணையம் மெதுவாக இருக்கிறது என்று நான் புலம்பியதைக் கேட்டு, ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பார்த்தான். அதன் கடவுச்சொல்லை உடைக்கவெல்லாம் அவன் பாடுபடவில்லை; எனக்குத் தர மறுக்கப்பட்ட அந்த ரகசியம், ரவுட்டரின் அடியில் அச்சிட்டிருந்த, தொழிற்சாலையிலிருந்து வந்த அதே சொல்தான். இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தவன், "மாமா, அத்தை போனை வீட்டிலேயே வச்சுட்டா போயிருக்காங்க?" என்று கேட்டான். இல்லை, அரை மணி நேரத்துக்கு முன்புதான் கும்பகோணத்திலிருந்து அதே கைப்பேசியில் என்னுடன் பேசினாள். ஆனால் எங்கள் ரவுட்டரின் கணக்கில் அது எங்கள் வீட்டில் இருந்தது. ஏதோ பெரிய கோப்பையும் அந்த நேரத்தில் இறக்கிக்கொண்டிருந்தது.

வைஃபையில் பறக்கும் ஒவ்வொரு தரவுத் துண்டின் முகப்பிலும் அனுப்பும் சாதனத்தின் மேக் முகவரி வெளிப்படையாக இருக்கும் என்று அவன் விளக்கினான். கடவுச்சொல் போட்டு உள்ளடக்கத்தை மறையாக்கம் செய்தாலும் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றினாலும்) அந்த முகப்பு மறைவதில்லை. பக்கத்தில் இருப்பவர் இலவச மென்பொருள் ஒன்றைக் கொண்டு அதைப் படித்துத் தன் கணினிக்கு அதே எண்ணைச் சூட்டிக்கொண்டால், பட்டியல் அவரை என் மனைவி என்று நினைத்து உள்ளே விட்டுவிடும். கடவுச்சொல் இருந்திருந்தால் இந்த ஆள்மாறாட்டத்தோடு அவர் நின்றிருப்பார். உள்ளே வந்திருக்க முடியாது. எங்கள் வீட்டிலோ அந்தக் கடவுச்சொல்லைத்தான் பணம் கொடுத்து எடுக்க விட்டிருந்தோம். சட்டைப் பையிலிருந்து எடுத்த கைப்பேசியை வைத்து அவர் நடத்திக் காட்டிய சோதனை, முயற்சி செய்யாதவர்களைத் தடுக்க முடியும் என்பதை மட்டுமே காட்டியது.

வங்கிச் செயலிகளுக்கு அவற்றுக்கே உரிய மறையாக்கம் இருப்பதால் பணம் ஒன்றும் போகவில்லை. ஆனால் என் தங்கை மகன் வேறொன்றை நினைவூட்டினான். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு வந்த மின்னஞ்சலின் தடம், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைய இணைப்பில் போய் முடிந்தது. பாதுகாப்பில்லாத அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். விசாரணையில் உட்கார்ந்தது அவர். எங்கள் இணைப்பும் என் பெயரில், என் ஆதாரைக் கொடுத்து வாங்கியது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாடிப்படியில் உட்காரும் பிள்ளைகளையும், மேல் வீட்டில் வாடகைக்கு இருக்கும் கல்லூரி மாணவர்களையும் மனதுக்குள் மாற்றி மாற்றிச் சந்தேகப்பட்டேன். யார் என்று இன்றுவரை தெரியாது. அப்படிச் சந்தேகப்பட்டதற்காக இப்போது கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

மறுநாள் அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, "பாஸ்வேர்டு வேண்டாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றார். நான் சொன்னது அதுவல்ல என்று விளக்கத் தொடங்கியதும் இணைப்பைத் துண்டித்தார். அதன் பிறகு என் எண்ணிலிருந்து போகும் அழைப்புகளை அவர் எடுப்பதில்லை.

சரிசெய்ய ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. ரவுட்டரை முழுவதும் ரீசெட் செய்வதற்கு முன், இணைய நிறுவனத்திடம் எங்கள் இணைப்பின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கினோம். அவை இல்லாமல் ரீசெட் பொத்தானை அழுத்தினால் இணையமே நின்றுவிடும், அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். பிறகு கடவுச்சொல் கேட்டு, தரவையும் மறையாக்கம் செய்யும் டபிள்யூபிஏ2 பாதுகாப்பை இயக்கி (புதிய ரவுட்டர்களில் டபிள்யூபிஏ3 இருக்கும்), என் பாட்டி அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியத்தை ஆங்கில எழுத்தில் நீளமாக எழுதிக் கடவுச்சொல்லாக வைத்தோம். நிர்வாகப் பக்கத்துக்கு வேறொரு கடவுச்சொல் வைத்தோம். வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் வசதியை அணைத்தோம். கடவுச்சொல்லுக்குப் பதில் ஓர் எண்ணைக் கொடுத்தே சாதனங்களை இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியையும் அணைத்தோம். அதன் எட்டு இலக்க எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளிப்பட்ட செய்தி. மகனின் நண்பர்களுக்கும் தொலைக்காட்சிக்கும் விருந்தினர் வைஃபை என்று ஒன்றைத் தனியாகத் திறந்து, அதற்கு வேக வரம்பும் வைத்துவிட்டோம். உண்மையில் என் முதல் பிரச்சினைக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும். மேக் பட்டியலை எடுத்துவிட்டோம். கடவுச்சொல்லோடு கூடுதலாக அது இருப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் புதுக் கைப்பேசி வரும்போதெல்லாம் அதோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை.

வீட்டு வைஃபைக்கு வெளியாளைக் கூப்பிடுகிறவர்கள் வேலை முடிந்ததும் உங்கள் கைப்பேசியின் வைஃபை பட்டியலைத் திறந்து, உங்கள் வைஃபையின் பெயருக்கு அருகில் பூட்டுக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். நிர்வாகக் கடவுச்சொல் உங்கள் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். என்ன செய்தார் என்பதை எழுதிய ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்க நினைத்தபோது, ஆதாரமாகக் காட்ட என்னிடம் இருந்தது ஒரு காலண்டர் தாள்தான்.

எங்கள் அடுக்ககத்தில் மேலும் இரண்டு வீடுகளுக்கு அவர் இதே வேலையைச் செய்திருக்கிறார். இரண்டு வீட்டாரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். முதல் மாடியில் அன்றைக்கே மாற்றிவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர், "நம்ம லிஸ்ட்ல இல்லாத போன் ஏறாதே சார், அவரே காட்டினாரே" என்றார். இதை எழுதும் இந்த நேரத்திலும் என் கைப்பேசியில் அவருடைய வைஃபை பூட்டுக் குறி இல்லாமல்தான் தெரிகிறது.